அளந்தவன்

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் ஒரு குரு இருந்தாள். ஆசிரமம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு தகரக் கொட்டகை, மேலே தொங்கும் பாரம் தூக்குகிற செயின் பிளாக், எந்நேரமும் டீசல் வாசம். தரையில் கிரீஸ் படாத இடம் என்றால் அது சாமி படத்துக்கு நேர் கீழே மட்டும்தான்.

அவள் பெயர் துளசிமணி. லாரியின் பின் சக்கரங்களுக்கு நடுவே குடம் போலப் பருத்திருக்குமே, அந்த டிஃபரன்ஷியலைப் பிரித்துப் பூட்டுவதுதான் அவள் தொழில். அந்தச் சாலையில் அவளை விட்டால் ஆள் இல்லை. லாரிக்காரர்கள் முதலில் கேலியாகத்தான் குரு என்று கூப்பிட்டார்கள். போகப் போகக் கேலி தேய்ந்து, கூப்பிடும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சீடர் நாச்சிமுத்து அவளைவிட இருபது வயது மூத்தவர். லாரி ஓட்டியே தலை நரைத்தவர். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ஸ்பேனர் பிடிக்க வந்திருக்கிறாரே என்று எதிர் டீக்கடையில் சிரித்தார்கள். மகன் செத்துப்போன கதை தெரிந்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் முதல் நாள் வந்தபோது ஒரு சாக்கை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழே வைத்ததும் இரும்புச் சத்தம் கேட்டது.

"என்னங்ணா இது?" என்றாள் துளசிமணி.

"டிஃபரன்ஷியல் பல்சக்கரமுங்க, கிரவுனும் பினியனும். எம்பையன் ஓட்டின வண்டியோடது."

"உடைஞ்சதா?"

"பல்லு போயிருச்சுங்க."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

மகன் பூபதி மலைப்பாதையில் லோடோடு இறங்கும்போது, கடைசி வளைவில் வண்டி திரும்பவே இல்லை. நேராகப் போய் விழுந்துவிட்டது. பையன் தூங்கிவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். எழவு வீட்டில் வந்தவர் போனவரெல்லாம் அதையே சொன்னார்கள். நாச்சிமுத்து மறுத்துப் பேசவில்லை. அவர் மனைவி பாவாயி தினமும் சாயங்காலம் மகன் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் டீ வைக்கிறாள். வைத்துவிட்டு, "எங்கியாச்சும் நிறுத்தி ஒரு டீ குடிச்சிருக்கக் கூடாதா சாமி" என்று அழுகிறாள். அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை.

"வாய் திறக்கறதுக்கு என்ன இருக்குதுங்ணா?"

அவர் கொட்டகைக்கு வெளியே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்குக் காலையில ஃபோன் பண்ணுனானுங்க. அப்பா, பின்னாடி ஊளை உடற மாதிரி ஒரு சத்தம் வருது, கேட்டுச் சொல்லுங்கன்னான். ஃபோனை வெளிய நீட்டிப் புடிச்சான். நானு சோறு தின்னுட்டிருந்தேன். இடது கையில வாங்கிக் காதுல வெச்சுக் கேட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"டயர் சத்தம்டா, லோடை இறக்கிட்டு வா, பாத்துக்கலாம்னு சொன்னேன்."

இது லாரிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். வழியில் வண்டி முனகினால், ஜன்னலுக்கு வெளியே ஃபோனை நீட்டி, தெரிந்த ஆளைக் கேட்கச் சொல்வார்கள். தெரிந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பெயர் சொல்லுவார். பெயர் கிடைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். நாச்சிமுத்துவின் காதுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் மகன் அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டான்.

"பல்லு முன்னாடியே உடைஞ்சிருந்தா இறக்கத்துல வண்டி கியருக்கு அடங்கியிருக்காதுங்க. அப்படீன்னா கொன்னது நானு. கீழ விழுந்ததுல உடைஞ்சிருந்தா அவன் தூங்கிட்டானுங்க. ரெண்டுல எதுன்னு இதை அளந்து பாத்தா தெரியுமல்லங்க அம்மிணி? எந்தக் கருவி வேணும்னு சொல்லுங்க. எங்க கிடைச்சாலும் வாங்கிட்டு வந்தர்றேன்."

துளசிமணி சாக்கைப் பிரிக்கவில்லை.

"ரெண்டுல உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டாள்.

நாச்சிமுத்து சாக்கைப் பார்த்தார். குற்றம் தன்மேல் இல்லை என்று ஆக வேண்டுமானால் அது மகன்மேல் போய் விழ வேண்டும். மகன்மேல் இல்லை என்றால் இவர் இனி எப்படிச் சோறு தின்பது? ஒரு வருஷமாக அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் படுத்து எழுந்துகொண்டிருந்தார்.

"அளந்து பழகாத கைங்ணா உங்களது," என்றாள் அவள். "தனக்கு வேணுங்கறதைத்தான் அளக்கும். முதல்ல ஒரு டிஃபரன்ஷியலைச் சொந்தமாப் பூட்டுங்க. அப்புறம் இதைப் பிரிக்கலாம்."

சாக்கை மேடைக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவர் சீடரானது அப்படித்தான்.

மாதக்கணக்கில் அவர் சாமான் கழுவினார். போல்ட் பொறுக்கினார். பேரிங்கை மண்ணெண்ணெயில் சுழற்றிச் சுழற்றித் துடைத்தார். வேலை செய்யும்போதெல்லாம் ஒரு கண் மேடைக்கு அடியிலேயே இருந்தது. அவள் அதைக் கவனித்தபடியே இருந்தாள்.

பிறகு ஒருநாள் திருச்செங்கோட்டு வண்டி ஒன்று வந்தது. பழைய பல்சக்கரம் தேய்ந்து, புதிது மாற்ற வேண்டியிருந்தது.

"இது உங்களுக்கு," என்றாள் குரு.

"எந்தெந்தக் கேஜ் வேணும்னு சொல்லிட்டீங்கன்னா..."

"நீங்களே பாத்து வாங்கியாங்க."

அவர் சேலம் போனார். திரும்பி வந்தபோது ஒரு பெட்டியே வந்தது. மேடையில் துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மைக்ரோமீட்டர், சாதா வெர்னியர், நம்பர் காட்டும் வெர்னியர், ஃபீலர் கேஜ், டார்க் ரென்ச், காந்த ஸ்டாண்ட், டயல் கேஜ், அப்புறம் இன்னொரு டயல் கேஜ். கல்யாணச் சீர் மாதிரி மேடை நிறைந்துவிட்டது.

"டயல் எதுக்குங்ணா ரெண்டு?"

"ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் கொடுத்திருமுங்க."

"ரெண்டும் வேற வேற சொன்னா?"

அவர் யோசித்தார். "மூணாவதா ஒண்ணு வாங்கோணுமுங்க," என்றார்.

கொட்டகை ஓரத்தில் வெல்டிங் வேலையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துளசிமணி சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் ஒரு டயலையும் ஸ்டாண்டையும் எடுத்துத் தனியே வைத்தாள். இடைவெளிக்குச் செருகும் ஷிம் தகட்டின் கனம் பார்க்க மைக்ரோமீட்டரை எடுத்தாள். தன் அலமாரியிலிருந்து ஒரு ஸ்பிரிங் தராசையும், கொஞ்சம் நூல்கயிறையும், பல்லில் தடவும் நீல மைக் குப்பியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். போல்ட் முறுக்க டார்க் ரென்ச்சைத் தொட்டுக் காட்டினாள். மற்றதையெல்லாம் துண்டோடு சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"இது போதுங்களா?"

"பல்லுக்கு இது போதும்."

நாச்சிமுத்து வேலையைத் தொடங்கினார். சின்னப் பல்சக்கரமான பினியனை உட்கார வைத்தார். அதன் கழுத்தில் நூலைச் சுற்றி, தராசால் இழுத்து, எவ்வளவு இறுக்கத்தில் சுழல்கிறது என்று பார்த்தார். பிறகு பெரிய பல்சக்கரமான கிரவுனை இறக்கினார். பெரிய பல்சக்கரத்துக்கும் சின்னதுக்கும் நடுவே எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மயிரிழை கூடினால் சத்தம் வரும். மயிரிழை குறைந்தால் சூடேறிக் கடித்துக்கொள்ளும்.

டயலின் முனையைப் பல்லில் தொட வைத்து, கிரவுனை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். ஒரு கணக்கு வந்தது. மறுபடி அசைத்தார். வேறு கணக்கு வந்தது. மூன்றாவது முறை முள் எங்கோ போனது.

அவர் முகம் செத்துப்போனது. எல்லாவற்றையும் பிரித்தார். துடைத்தார். திரும்பவும் பூட்டினார். அதே கூத்துதான். யாரையும் கூப்பிடவில்லை. யாராவது கிட்டே வந்தால், "நானே பாத்துக்கறனுங்க" என்று விரட்டிவிட்டார். கடைசியில் கருவியே சரியில்லை, உலகத்தில் சரியான கருவி என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிற முடிவுக்கு வந்து, வண்டிச் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

துளசிமணி வந்தாள். பேசாமல் பினியனை இரண்டு கையாலும் அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அசைங்க."

அசைத்தார். ஒரு கணக்கு வந்தது.

"மறுபடி."

அதே கணக்கு. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, வேறு வேறு பல்லில் வைத்துப் பார்த்தார். மயிரிழை முன்னே பின்னே, எல்லாம் ஒன்றாகவே வந்தது.

"இதும் கூடவே ஆடிட்டிருந்துதுங்ணா," என்றாள். "புடிச்சுக்க ஓராள் வேணும். தனியா அளக்க முடியாது இதை."

ஆட்டம் சரியாகும்வரை நட்டைத் திருகினார். நீல மை தடவிச் சுற்றிப் பார்த்தார். பல்லோடு பல் உரசிய தடம் நடுவில் அழகாக விழுந்தது. பழைய ஆட்கள்கூட முதல் தடவையில் அப்படி விழ வைக்க மாட்டார்கள்.

"வந்திருச்சு. மூடிருங்க," என்றாள்.

"இன்னொருக்கா பாத்தர்றேனுங்க."

பார்த்தார். அப்படியேதான் இருந்தது. மையைத் துடைத்துவிட்டு மறுபடியும் தடவினார். மறுநாளும் தடவினார். வண்டிக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு போல்ட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

துளசிமணி அவருக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இதை மூடினா அதைப் பிரிக்கணும்னு பயமா இருக்குதுங்களா?"

மேடைக்கு அடியில் பார்த்தபடி அவர் தலையாட்டினார்.

"பயம் இருக்கட்டும். மூடுங்க."

அவர் மூடினார். ஒவ்வொரு போல்ட்டையும் சரியாக முறுக்கினார். உச்சி வெயிலில் வண்டி ஒரு முனகலும் இல்லாமல் ரோட்டில் ஏறிப் போனது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. வெல்டிங்காரர்கள் கைகூடத் தட்டினார்கள். அவர் நேராகப் போய்ச் சாக்கை வெளியே இழுத்தார்.

வாயைக் கட்டியிருந்த கயிறு தொட்டதும் நைந்துபோய் வந்தது. கிரவுனை மேடைமேல் தூக்கி வைத்தார். பக்கத்தில் பினியனை வைத்தார். இத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அதை வெளிச்சத்தில் பார்க்கிறார். முழுக்கத் துரு.

அவரே ஸ்டாண்டை எடுத்தார். அவரே டயலைப் பூட்டினார். உடைந்த பல் இருந்த இடத்தில் டயலின் முனை தொட ஒன்றும் இல்லை. துளசிமணி டார்ச் அடித்து உடைந்த முகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். விரலில் சிவப்பாக ஒட்டியது.

"உடைஞ்ச இரும்பைப் பாத்தா தெரியும்ங்ணா. முன்னாடியே விரிசல் உட்டிருந்தா அந்த இடம் கருத்து வழவழன்னு இருக்கும். ஒரே அடியில உடைஞ்சதுன்னா உள்ள கல்கண்டு மாதிரி மினுங்கும்."

"இது எப்படி இருக்குதுங்க?"

"துருவா இருக்குது."

"துடைச்சா?"

"துரு போகும். அதுக்கடியில என்ன இருந்துச்சோ அதையும் துரு எப்பவோ தின்னிருக்கும். எங்க வெச்சிருந்தீங்க இதை?"

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கொல்லைப்புறத்துலங்க. வீட்டுக்குள்ள வெச்சுப் பாக்க முடியலீங்க. மழையில கிடந்துச்சு."

இருந்தது ஒரே ஒரு சாட்சி. அதையும் அவரே மழையில் போட்டு ஊமையாக்கியிருக்கிறார். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தரையில் உட்கார்ந்தார். அழுகை வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை.

"வேற எந்தக் கருவியும் இல்லீங்களா அம்மிணி? மெட்ராசுல? வெளிநாட்டுல?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்ணா."

"அப்ப எனக்குச் சாகற வரைக்கும் தெரியாது."

அவள் மறுக்கவில்லை. டயலைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்தாள்.

அப்போது அவளுடைய ஃபோன் அடித்தது. கையெல்லாம் துருவும் கிரீஸுமாக இருந்ததால், புறங்கையால் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு மேடைமேலேயே வைத்தாள்.

"அக்கா, நான் குமரேசன். கிருஷ்ணகிரி தாண்டிட்டேன். பின்னாடி என்னமோ உறுமுதுக்கா. டிஃபரன்ஷியலா, இல்ல டயரான்னு தெரியல. ஃபோனை நீட்டறேன், கொஞ்சம் கேட்டுச் சொல்லுக்கா."

ஃபோனிலிருந்து ரோட்டின் இரைச்சல் பொங்கி வந்தது.

துளசிமணி சோப்புத் தூளை அள்ளிக்கொண்டு மூலையில் இருந்த தண்ணீர் டிரம்முக்குப் போனாள். மொண்டு ஊற்றிக் கையைக் கழுவ ஆரம்பித்தாள்.

நாச்சிமுத்துவால் உட்கார முடியவில்லை. எழுந்து மேடையைப் பிடித்துக்கொண்டு ஃபோனுக்குக் கிட்டே காதை வைத்தார். அதே காது. காற்று அடித்தது. எதிரே வந்த ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்கெல்லாம் அடியில் ஒரு முனகல் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"கேட்டியாக்கா?" என்றான் குமரேசன்.

துளசிமணி கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"ஓரங்கட்டு."

"தக்காளி லோடுக்கா. நேரத்துக்குப் போகலைன்னா அழுகிரும். மெதுவா உருட்டிட்டே போயிரட்டுமா?"

"ஓரங்கட்டிட்டு சாவியைக் கையில எடு. ஆள் வருது. உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

"சரிக்கா," என்றான். குரலில் கடுப்பும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. ஃபோன் நின்றது.

நாச்சிமுத்து மெல்ல நிமிர்ந்தார்.

"அம்மிணி, எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க," என்றார் நாச்சிமுத்து. "காத்துச் சத்தந்தான் வந்துச்சு."

"இருக்கும்."

"உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"நான் எங்கீங்ணா கேட்டேன்? கை கழுவிட்டிருந்தேன்."

அவருக்குக் கோபம் வந்தது. வந்த நாளிலிருந்து அவளிடம் அவர் கோபப்பட்டதே இல்லை.

"கேக்காமயே எப்படி நிறுத்தச் சொன்னீங்க? வெறும் டயர் சத்தமா இருந்தா? ஒரு லோடே வீணாப் போகுமல்லங்க?"

"போகும்."

"அப்ப எதை வெச்சுச் சொன்னீங்க? எந்தக் கணக்குல சொன்னீங்க?"

துளசிமணி துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். விரல் இடுக்கில் கொஞ்சம் துரு போகாமல் ஒட்டியிருந்தது. அதையும் துடைத்தாள்.

"தினமும் அந்த சீட்டுல உக்காந்து அந்தச் சத்தத்தோடயே போறவன் அவன்," என்றாள். "இன்னிக்கு என்னமோ வேற மாதிரி இருக்குதுன்னு அவனுக்குப் பட்டுது. பட்டதாலதான் கூப்பிட்டான். அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கறது?"

நாச்சிமுத்து மேடையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவர் பார்வை மெல்ல அந்தத் துருப்பிடித்த கிரவுனுக்குப் போனது. அதிலேயே நின்றது.

"அப்ப பூபதி..." என்றார்.

"தூங்கினானா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்ணா. இந்த இரும்புக்கும் தெரியாது. ஆனா அன்னிக்குக் காலையில அந்த வண்டியை அளந்தவன் உங்க பையன்தான். சரியா அளந்து, உங்க காதுலயும் சொல்லிட்டான்."

நாச்சிமுத்து கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குக் கிளம்ப வாசலுக்கு வந்தார். எதிர் டீக்கடையில் சாயங்காலத்துப் பாலைக் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் பாவாயி இந்நேரம் படத்துக்கு முன்னால் டம்ளரை வைத்திருப்பாள்.